உயிரோடு இருப்பவர்களின் பக்கம்

என் தம்பி ஜெயசீலன் இறந்துவிட்டான் என்று கண்ணீர் அஞ்சலி அடித்து, பாரிஸ் லா சப்பலின் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியவள் நான். பக்கத்தில் நின்று ஒட்டுநாடாவை வெட்டி வெட்டித் தந்தவர் என் கணவர் தவம். தேவன் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்தவள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால் அது சாட்சி இல்லை, விளம்பரம்.

தம்பி 2010 ஆடி மாதம் கொழும்பிலிருந்து புறப்பட்டான். முந்தைய வருடம் வன்னியில் எல்லாம் முடிந்து, முகாமில் கிடந்து வெளியே வந்தவன். ஏஜென்சிக்காரன் ரஷ்யாவுக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து தரை வழியாக பிரான்சுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொன்னான். ஐப்பசியில் ஒரு போன் வந்தது.

"அக்கா, இஞ்சை எங்கை பாத்தாலும் மரமும் பனியும்தான். என்ன நாடெண்டே தெரியேல்லை. போனெல்லாத்தையும் வாங்கப் போறாங்களாம். அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை."

அதற்குப் பிறகு சத்தமில்லை. மார்கழியில் ஏஜென்சிக்காரனின் ஆள் ஒருவன் தவத்துக்குப் போன் எடுத்தான். காட்டுக்குள் பொலிஸ் வெளிச்சம் அடித்ததாம், எல்லாரும் சிதறி ஓடினார்களாம், பனிக்குள் ஓராள் விழுந்து எழும்பவில்லையாம். நீல ஜாக்கெட். அது என் தம்பியின் ஜாக்கெட். உடல் எங்கே என்று கேட்டதற்கு, "அங்கையே விட்டிட்டம் அண்ணை, நிண்டிருந்தா நாங்களும் செத்திருப்பம்" என்றான்.

பாரிசுக்கு வெளியே பொண்டியில் எங்கள் வீடு சனத்தால் நிறைந்தது. படத்தைப் பெரிதாக்கினோம். லா சப்பல் அச்சுக்கடையில் நோட்டீஸ் அடித்தோம். லண்டனில் இருக்கும் மச்சான் அதை மரண அறிவித்தல் இணையத்தளத்திலும் போட்டுவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இணையத்தில் வராத சாவு சாவே இல்லை. கீழே 'தொடர்புகளுக்கு: ராணி, சகோதரி, பிரான்ஸ்' என்று என் போன் நம்பர். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

நான் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவள். ஆனால் அந்த நாட்களில் ஜெபம் எனக்கு பஸ் ரிக்கெற் மாதிரி. இறங்கியவுடன் எறிந்துவிடுவேன்.

அப்போது நான் ஒரு சின்ன ஆங்கிலச் சேர்ச்சில் துப்புரவு வேலை செய்தேன். லா சப்பலில் தண்டவாளங்களுக்கு மேலால் போகும் பாலத்தைக் கடந்தால், இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் நெருக்குப்பட்டுக்கொண்டு நின்றது. எந்தக் காலத்திலோ ரயில் வேலைக்கு வந்த ஆங்கிலேயர் கட்டியதாம். ஒவ்வொரு ரயிலுக்கும் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் வந்தால் அது பெருநாள்.

அங்கே போதகராக இருந்தவர் எட்மண்ட் ஐயா. எழுபத்தைந்து தாண்டிய மனிதர். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரே ஒரு ஊரில் முப்பத்தெட்டு வருடம் போதகராக இருந்தவர். அந்த ஊரில் தன் கையால் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளுக்குத் தானே கலியாணம் செய்துவைத்து, அவர்களில் சிலரைத் தானே அடக்கமும் செய்தவர். பெரிய சபைகளுக்குக் கூப்பிட்டும் போகவில்லையாம். மனைவி இறந்த பிறகு, போதகர் இல்லாத இந்தச் சேர்ச்சுக்கு உதவியாக வந்து, பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தார். அங்கிக்குள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நொண்டும். மிச்சத்துக்கு என் பள்ளிக்கூட ஆங்கிலம். அவர் சொன்னவற்றை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர் மணியை அடித்துவிட்டு மாலை ஜெபம் சொல்லுவார். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சொல்லியே ஆகவேண்டும், அது இங்கிலாந்துப் போதகர்களின் கடமை என்பார். போதகர் ஒரு வரி சொன்னால் சபை ஒரு வரி சொல்ல வேண்டும். சபை கிடையாது, ஆட்கள் உட்காரும் மரவாங்குகள் வெறுமையாய்க் கிடக்கும். ஆனாலும் சபையின் வரிக்கு இடம் விட்டுப் பேசாமல் நிற்பார். பிறகு தலையை அசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார், யாரோ சரியாகச் சொல்லி முடித்தது போல. நான் வாளியோடு நின்று பார்த்துச் சிரிப்பேன். சில நாட்களில் சிரிப்பு வராது.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. இடது பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள். நோயாளிகள், பயணம் போனவர்கள், காணாமல் போனவர்கள். வலது பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்கள். இரண்டையும் தினமும் சத்தமாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஐந்து மூச்சு எடுக்கும் நேரம் நிறுத்துவார்.

"ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்? எனக்கு ரயில் போய்விடும்" என்று ஒருநாள் கேட்டேன்.

"கூப்பிட்டுவிட்டு, வருவதற்கு நேரம் கொடுக்க வேண்டாமா?" என்றார்.

அவர் பகிடிக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

தம்பியின் போன் நின்ற நாளிலேயே அவனுடைய பெயரை இடது பக்கத்தில் எழுதியிருந்தார். ஜெ, ய, சீ, லன் என்று துண்டு துண்டாக உடைத்து, பிறகு ஒட்டிச் சொல்லுவார். சாவுச் செய்தி வந்ததும், பெயரை வலது பக்கத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன்.

"உடலை யாராவது பார்த்தார்களா?"

"இல்லை. ஜாக்கெட்டைப் பார்த்தார்கள்."

"ஜாக்கெட்டுக்கு நான் அடக்க ஜெபம் சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஊரெல்லாம் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போயிருக்கிறது, இந்தக் கிழவனுக்கு என்ன பிடிவாதம் என்று நினைத்தேன். தை மாதம், பொங்கல் கழிந்த ஒருநாள் அவர் உள்ளே தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது, நானே கொப்பியை எடுத்தேன். இடது பக்கத்தில் தம்பியின் பெயரை வெட்டி, வலது பக்கத்தில் கடைசி வரியில் எழுதினேன். நான் அப்படியொரு கல்லாகப் போயிருந்தேன்.

அன்று மழை இருட்டு. ஐந்து மணிக்கு முன்பே விளக்குப் போட்டாயிற்று. தெருக்கதவை நான்தான் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டேன், கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்ததால். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். அவர் இடது பக்கத்தை வாசித்து முடித்தார். மூக்குக்கண்ணாடி சரியில்லாததால், நான் வெட்டிய பெயர் விடுபட்டதைக் கவனிக்கவில்லை போலும். வலது பக்கத்துக்கு வந்தார். இறந்தவர்களின் பெயர்களுக்குப் பின் வரும் அமைதி எப்போதுமே வேறு மாதிரி இருக்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறபோது வருகிற அமைதி அது.

கடைசி வரி. "ஜெ, ய, சீ, லன்." அவருக்கே திடுக்கிட்டது. ஆனால் பழக்கதோஷம், நிறுத்தினார்.

கடைசி வாங்கிலிருந்து யாரோ இருமினார்கள்.

இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு செருமல். என் தம்பி எதையும் பேசத் தொடங்கும் முன் அப்படித்தான் செய்வான். பள்ளிக்கூடத்தில் வாத்திமார் அதற்காகவே அவனைப் பகிடி பண்ணுவார்கள். நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அந்த நேரம் ஒரு ரயில் போனது, கண்ணாடிகள் நடுங்கவில்லை. இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் கேட்டதைச் சொல்கிறேன்.

எட்மண்ட் ஐயா, "யார் அங்கே?" என்றார். பிறகு நடந்து கடைசி வாங்குவரை போனார். நானும் அவருடைய அங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அந்த வாங்கை நான் அரை மணித்தியாலத்துக்கு முன்தான் மெழுகு போட்டுத் துடைத்திருந்தேன். அதில் ஒரு விரல் அடையாளம்கூட இல்லை.

அவர் திரும்பி வந்து, பேனாவை எடுத்து, வலது பக்கத்துப் பெயரை அழுத்தி அடித்தார். இடது பக்கத்தில் மறுபடி எழுதினார்.

"ராணி, இறந்தவர்கள் இருமுவதில்லை" என்றார்.

குசினியில் இருத்தி எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். அன்றுதான் தன் கதையைச் சொன்னார்.

அவர் அந்தக் கரையோர ஊருக்குப் போன முதல் வருடம். கடலுக்குப் போன ஒரு மீனவன் திரும்பவில்லை. அந்த ஊர் வழக்கப்படி, போனவன் வரும்வரை சேர்ச் கோபுர ஜன்னலில் ஒரு விளக்கு எரிய வேண்டும். பதினொரு நாள் எரிந்தது. பிறகு ஊரார் வந்து, ஆள் போய்விட்டான், ஆராதனையை வைத்து முடித்துவிடுங்கள் என்றார்கள். இளம் போதகர், ஊருக்கு நல்லவராக இருக்க ஆசை. விளக்கை அணைத்தார். அவனுடைய பெயரை வலது பக்கத்தில் எழுதினார். நல்ல பிரசங்கம் செய்தார், எல்லாரும் அழுதார்கள். தேடப்போன படகுகளும் நின்றுவிட்டன.

மூன்று கிழமை கழித்து, தூரத்து மணல் திட்டில் ஒரு பழைய குடிசைக்குள் உடல் கிடைத்தது. அவன் மழைத் தண்ணீர் குடித்து, சிப்பி தின்று உயிரைப் பிடித்திருக்கிறான். பலகையில் நாட்களைக் கீறி வைத்திருந்தான். பதினேழு கீறல்.

"நான் அவனுக்காகப் பிரசங்கம் செய்த நேரம் அவன் அங்கே உட்கார்ந்து என் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்ததையும் பார்த்திருப்பான்" என்றார். "அவனுடைய மனைவி அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒருநாள்கூடத் திட்டவில்லை. அந்த ஊரை விட்டுப்போக எனக்கு உரிமை இருக்கவில்லை."

அன்றைக்குத்தான் நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபித்தேன் என்று சொல்வேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, நான் அவனை அடக்கம் பண்ணிப்போட்டன், என்னை மன்னியும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அடுத்த நாள் லா சப்பலுக்குப் போய் நோட்டீஸ்களைக் கிழித்தேன். மரக்கறிக் கடை, நகைக் கடை, போன் கடை, ஒவ்வொன்றாக. கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தவம் வேலைக்குப் போகாமல் ஓடி வந்தார்.

"ராணி, உனக்கென்ன விசரே? சனம் பாக்குது."

"பாக்கட்டும். தம்பி சாகேல்லை."

"ஆர் சொன்னது?"

"இருமினவன்."

அவர் அந்த நடைபாதையிலேயே தலையில் கை வைத்தார். பிறகு எல்லாரும் என்னைக் கண்டால் மெதுவாகப் பேசினார்கள். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், வெள்ளைக்காரச் சாமி என்னவோ செய்துவிட்டார் என்றார்கள். இணையத்தில் இருந்ததையும் எடுக்கச் சொல்லி லண்டன் மச்சானுக்கு நாலு தரம் போன் எடுத்தேன். "ஓம், எடுக்கிறன்" என்பார். எடுக்கவில்லை. அவருடைய சோம்பலை நான் திட்டாத திட்டில்லை.

தினமும் ஐந்து மணிக்கு அந்தச் சேர்ச்சில் இருந்தேன். சபையின் வரியை இப்போது நான் சொன்னேன். தம்பியின் பெயர் வரும், நாங்கள் நிற்போம், ஐந்து மூச்சு. ஒன்றுமில்லை. அந்த இருமல் அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. மாசி போனது, பங்குனி போனது. கேட்டதே பொய்யோ என்று நினைக்கும்போதெல்லாம் பைத்தியமாகிவிடுவேன் போல இருந்தது. சித்திரையில் எட்மண்ட் ஐயாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகும்போது கொப்பியை என் கையில் தந்தார். "நிறுத்தாதே" என்றார். அவ்வளவுதான். நான் தனியாக மணியடித்து, தனியாக வாசித்து, அந்த வெறும் வாங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயந்து பயந்துதான் நின்றேன்.

தனியாக வாசிக்கத் தொடங்கிய ஆறாம் நாள், காலையில் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நாட்டு நம்பர். ஒரு இளம் பெண்ணின் குரல், இந்தியத் தமிழ்.

"ஹலோ, ராணி அக்காங்களா? நான் கோயம்புத்தூர்ங்க. இங்க உக்ரைன்ல மெடிசின் படிக்கிறேன். அக்கா, பதட்டப்படாதீங்க. முதல்ல உட்காருங்க. ஜெயசீலன்னு உங்க தம்பி இருக்காரா?"

"இருந்தவன்" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"இருக்காருங்க. என் பக்கத்துலதான் இருக்காரு."

பிறகு போனில் இரண்டு சின்ன இருமல், ஒரு செருமல். "அக்கா, ஏன் என்ரை அந்தப் பழைய படத்தைப் போட்டனீங்கள்? அதிலை நான் கள்ளன் மாதிரி இருக்கிறன்" என்றான்.

நான் தரையில் இருந்துகொண்டு கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி பொலிசுக்குப் போன் எடுக்கப் போனாள்.

நடந்தது இதுதான். அவர்களோடு வந்தவர்களில் காந்தன் என்று ஒருவன், குளிரில் வெடவெடவென்று நடுங்கினானாம். தம்பி தன் தடித்த நீல ஜாக்கெட்டைக் கொடுத்து அவனுடையதைத் தான் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வெளிச்சம். ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். தம்பி காட்டுக்குள் விழுந்து கிடந்ததை யாரோ கிராமத்து ஆட்கள் கண்டு ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். ஜாக்கெட் பைக்குள் இருந்தது காந்தனின் கடவுச்சீட்டு. ஆகவே அந்த ஆஸ்பத்திரிக்கு அவன் காந்தன். நெஞ்சு பழுதாகி, தொண்டைக்குள் குழாய் போட்டு, மாதக்கணக்காகப் பேச்சில்லை. ஒரு நம்பரும் ஞாபகத்தில் இல்லை. பயிற்சிக்கு வந்த அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளை கட்டிலில் தமிழ்ப் பெயரைக் கண்டு பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அவன் தன் உண்மைப் பெயரைச் சொல்ல, அவள் அதை இணையத்தில் தேடியிருக்கிறாள். வந்தது அவனுடைய மரண அறிவித்தல். கீழே என் நம்பர். என் அவநம்பிக்கையும் மச்சானின் சோம்பலும் சேர்ந்து அவனைக் கொண்டுவந்து தந்தன. தேவன் எதைத்தான் பாவிக்கமாட்டார்!

இன்னொன்றையும் தம்பி சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

"ஒருநாள் பின்னேரம் நான் முடிஞ்சுதெண்டு நினைச்சுப்போட்டாங்கள் அக்கா. குழாயைக் கழட்டி, துணியாலை முகத்தையும் மூடிப்போட்டாங்கள். எனக்கு எல்லாம் கேக்குது, அசைய ஏலாது. அப்ப ஆரோ என்ரை பேரைச் சொன்னது. அங்கை ஒருத்தருக்கும் என்ரை பேர் தெரியாது, எல்லாருக்கும் நான் காந்தன். ஒரு வயசான குரல். துண்டு துண்டாய்ச் சொல்லிச்சுது. பதில் சொல்லவேணுமெண்டு இருந்தது. இருமினன். மூடினவள் கத்திக்கொண்டு ஓடினாள்."

என்றைக்கு என்று கேட்டேன். நாட்கணக்கு அவனுக்குத் தெரியவில்லை. "பொங்கல் கழிஞ்சிருக்கும்" என்றான்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய் எட்மண்ட் ஐயாவின் காதில் போனை வைத்தேன். தம்பிக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. தம்பி இருமினான், செருமினான், "தாங்யூ ஐயா" என்றான். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணீர் காதுக்குள் ஓடியது. "அவன் விளக்கைப் பார்த்தானா?" என்று என்னிடம் கேட்டார். எந்த அவனைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. "ஓம் ஐயா, பார்த்தவன்" என்று தமிழிலேயே சொன்னேன். நான்கு நாள் கழித்து அவர் தேவனிடம் போய்ச் சேர்ந்தார். உடலைப் பார்த்தேன், கையைத் தொட்டேன், பிறகுதான் வலது பக்கத்தில் எழுதினேன்.

தம்பி இரண்டு வருடம் கழித்து பிரான்சுக்கு வந்தான். இப்போது வதிவிட கார்த் எல்லாம் கிடைத்து, பாரிஸ் ஸ்டாலின்கிராட்டில் ஒரு உணவகத்தில் சமைக்கிறான். தவம் ஞாயிறு ஆராதனைக்கு எனக்கு முன்பே உடுத்திக்கொண்டு நிற்கிறார். அந்தச் சேர்ச்சின் திறப்பு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. வேலை முடிந்து ஐந்து மணிக்கு நான் மணியடிக்கிறேன். ரயிலைத் தவறவிட்டால் விடுகிறேன். என்னைப் போன்ற ஒரு வாயாடியைத் தேவன் ஐந்து மூச்சு நேரம் பேசாமல் நிற்கப் பழக்கினாரே, அதற்கே ஆயிரம் ஸ்தோத்திரம்.

ஆனால் சாட்சியை இங்கே முடித்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன். நீல ஜாக்கெட்டோடு பனிக்குள் விழுந்தவன் காந்தன். அவனுடைய அக்கா வசந்தி பாரிசுக்குப் பக்கத்தில் ஆர்ஜொந்தெயில் இருக்கிறாள். தன் தம்பி பிடிபட்டு எங்கோ மறியலில் இருக்கிறான், வருவான் என்று காத்திருந்தவள். என் தம்பி உயிரோடு இருக்கிற செய்தியைக் கொண்டுபோய் அவளுக்குச் சொல்லவேண்டியவளும் நான்தான். சொன்னேன். அவள் அழவில்லை.

"உங்கட கடவுள் ஏன் உங்கட தம்பியை மட்டும் பாத்தவர்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிற போதகர்களும் இருக்கிறார்கள், எனக்கு அந்தத் துணிவில்லை. கொப்பியைப் பற்றிச் சொல்லி, "வந்து நீங்களே எழுதுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அவள் சைவக்காரி. வியாழக்கிழமைகளில் வேலை இல்லாதபடியால் ரயிலேறி வருகிறாள். முதல் நாள் வந்தபோது, "எந்தப் பக்கம் எழுத?" என்று கேட்டாள். உடலை யாரும் பார்க்கவில்லை என்றேன். இடது பக்கத்தில், என் தம்பியின் பெயரை நன்றியோடு அடித்துவிட்ட இடத்துக்குக் கீழே, தன் கையால் எழுதினாள். நான் அவளுக்கு நம்பிக்கையைக் கொடுத்தேனா, ஆறாத புண்ணைக் கொடுத்தேனா என்று சில நாட்களில் எனக்கே பயம். ஆனால் ஒரு வியாழனும் அவள் வராமல் விட்டதில்லை.

உங்களிடமும் அப்படி ஒரு பெயர் இருந்தால் கொண்டு வாருங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்கமாட்டேன். பதில் இப்படித்தான் வரும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் கூப்பிட்ட பெயரைத் தேவன் கேட்கிறார், இதை நான் என் இரண்டு காதாலும் அறிந்திருக்கிறேன்.

வியாழக்கிழமைகளில் காந்தனின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துவேன். வசந்தி கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து மூச்சு போகும், பத்து மூச்சு போகும். அவளாகத் திரும்பி எனக்குத் தலையை அசைக்கும்வரை நான் அடுத்த பெயருக்குப் போவதில்லை.